கழுத்து காலியாக இருக்கக் கூடாத மாதங்கள்

வடக்கனந்தலில் எங்கள் தெருவுக்குக் குளிர்காலம் பஞ்சாங்கம் பார்த்து வருவதில்லை. நர்ஸ் அருள்மொழி வீட்டு வாசலில் தொங்கும் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை என்றைக்குக் கழற்றி இறக்குகிறார்களோ, அன்றைக்குத்தான் எங்களுக்குக் குளிர் ஆரம்பம். அதுவரைக்கும் குளிர் ஒரு வேடிக்கை. சபரிமலைக்குப் போகும் வேன்கள் வாழைக்கன்று கட்டிக்கொண்டு கிளம்பும், தெருவில் கேக் வரும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் அரையாண்டு லீவில் கத்திக்கொண்டு கிடப்பார்கள். நட்சத்திரம் இறங்கியதும் எல்லாம் ஓய்ந்துவிடும். மேற்கே கல்வராயன் மலை இருந்த இடத்தில் வெறும் வெள்ளை மட்டும் நிற்கும். காலை பத்து மணிக்குக்கூட லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு வரும். பனிக்காலத்தைப் பற்றி அழகாக எழுதுகிறவர்கள் எல்லாரும் போர்வைக்குள் இருந்து எழுதுகிறவர்கள் என்பது என் அபிப்பிராயம்.

அந்த நட்சத்திரம் இறங்குவது செவ்வந்திக்குப் பிடிக்காது. நட்சத்திரத்தின் மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. அவள் புருஷன் அய்யனார் அந்த வாரத்தில்தான் சபரிமலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றுவான். கழற்றினால் குடிப்பான்.

அய்யனார் லோடுமேன். மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் வெள்ளிமலைப் பக்கம் மரவள்ளி பிடுங்குவார்கள். விடியுமுன்னே காலி லாரியில் ஏறி மலைக்குப் போய், ஈர மண் ஒட்டிய கிழங்கை மூட்டை மூட்டையாக ஏற்றிவிட்டு, அந்த மூட்டைகளின் மேலேயே உட்கார்ந்து கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வர வேண்டும். கை மரத்துப்போகும். ஆனால் கை மரத்துப்போகிறவர்கள் எல்லாரும் அய்யனார் மாதிரி ஆகிவிடுவதில்லை. வெயில் காலத்தில் அவனைப்போலக் கலகலப்பான ஆள் தெருவில் கிடையாது. கல்யாண வீட்டில் பந்தி பரிமாற அவன்தான், எவனாவது மாமனாரோடு சண்டை போட்டால் சமாதானத்துக்கும் அவன்தான். குளிர் வந்தால் அதே ஆள் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவான். கேட்டால் பதில் வராது. சோறு வைத்தால் பிசைந்துகொண்டே இருப்பான். ஒருதடவை அவனே செவ்வந்தியிடம் சொன்னான்:

“நெஞ்சு மேல எவனோ குந்திக்கினு இருக்கறான். எழுந்திருக்கவே மாட்டேங்கறான்.”

அந்த எவனையோ எழுப்பத்தான் அவன் குடித்தான். குடித்தால் அந்த எவனோ கொஞ்ச நேரம் எழுந்து நிற்பான், மறுபடியும் உட்கார்ந்துகொள்வான். பங்குனி வெயில் சுளீரென்று அடித்ததும் தானாகவே போய்விடுவான். அய்யனாரும் பாட்டிலை மறந்துவிடுவான். கள்ளக்குறிச்சியில் சாராயத்தால் வரிசையாகப் பிணம் விழுந்த அந்த ஆனி மாதத்தில் அவன் தப்பித்ததற்கு ஒரே காரணம், அது வெயில் காலம். தெருவே நடுங்கிக் கிடந்தபோது செவ்வந்தி அதைத்தான் சொன்னாள். “நம்ம ஊட்டு ஆளு செத்திருந்தா தையில செத்திருப்பான். இது ஆனி.”

அதற்கு முந்தைய மாசியில்தான் அவன் ரத்தமாக வாந்தியெடுத்து, பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்து வந்திருந்தான். இன்னொரு குளிருக்கு இதே மாதிரி குடித்தால் அதற்கடுத்த குளிரை அவன் பார்க்கமாட்டான் என்று டாக்டர் செவ்வந்தியை வெளியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாலும் வார்டு முழுக்கக் கேட்கும் குரல் அவருக்கு. அய்யனாரும் கேட்டான். தலையை ஆட்டினான். தலையை ஆட்டுவதில் குடிகாரர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

செவ்வந்தி அவ்வளவாகப் பேசமாட்டாள். கரும்பு வெட்டு, களையெடுப்பு, என்ன கூலி வேலை வந்தாலும் போவாள். வேலை செய்துகொண்டே யோசிப்பாள். அந்த வருஷம் அவள் யோசித்தது இது: கார்த்திகை முதல் தேதி மாலை போட்டதிலிருந்து கிறிஸ்துமஸ் வரைக்கும் இந்த ஆள் ஒரு சொட்டு தொடுவதில்லை. அப்போது மட்டும் வெயிலா அடிக்கிறது? மழைதான், மூட்டம்தான், குளிர்தான். அப்போது மட்டும் நெஞ்சு மேல் எவனும் வந்து உட்காரவில்லையே, ஏன்?

அய்யப்பன் பார்த்துக்கொள்கிறார் என்பது அவள் முடிவு. எனக்குத் தோன்றுவது வேறு. மாலை போட்டவன் இருட்டோடு எழுந்து பச்சைத்தண்ணீரில் குளிக்க வேண்டும். விளக்கு ஏற்ற வேண்டும். சாயங்காலமானால் பத்துப் பேரோடு உட்கார்ந்து பஜனையில் தொண்டை கிழியப் பாட வேண்டும். சுவரைப் பார்த்து உட்கார அவனுக்கு நேரம் ஏது? அதோடு மரியாதை என்று ஒன்று இருக்கிறது. வருஷம் பூராவும் “டேய் அய்யனாரு, அந்த மூட்டையத் தூக்குடா” என்கிற லாரி முதலாளி, மாலை போட்டால் “சாமி, அந்த மூட்டையத் தூக்குங்க சாமி” என்பார். மூட்டை அதே மூட்டைதான். ஆனாலும் வித்தியாசம் இருக்கத்தானே செய்கிறது!

அவள் நேராகக் குருசாமியைப் பார்க்கப் போனாள். குருசாமி என்றால் மாயவன். பஞ்சர் கடை வைத்திருப்பவர். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மாலை போட்டுவிடுவதும் கழற்றிவிடுவதும் அவர் கைதான்.

“குருசாமி, அய்யப்பன் மால கழட்டின கையோட எங்க ஊட்டுக்காரருக்கு வேற ஒரு மால போட்டுடுங்க.”

“இன்னா மால?”

“எந்த சாமியா இருந்தா இன்னாங்க? தைப்பூசம் வருதில்ல, முருகன் மால போடுங்க.”

“அது முடிஞ்சா?”

“மாசியில அங்காளம்மனுக்குக் காப்பு கட்டுவாங்க. அதையும் கட்டிடுங்க.”

மாயவன் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். “ஏம்மா, ஒரு மனுசன் கழுத்து கொஞ்ச நாள் காலியா இருக்கக் கூடாதா?”

“காலியா இருந்தா கை பாட்டில தேடுது சாமி.”

“சரி, அனுப்பி வை” என்றார் அவர்.

இப்படித்தான் அய்யனார் எங்கள் தெருவின் நிரந்தர சாமி ஆனான். கார்த்திகையில் கறுப்பு வேட்டி. நட்சத்திரம் இறங்கும் வாரத்தில் பச்சை. பூசம் முடிந்து காவடி இறக்கினால் மஞ்சள். ஒரு வருஷம் பங்குனி உத்திரம் வரைக்கும்கூட இழுத்துவிட்டாள். வெயில் வந்ததும் சாமிகளுக்கெல்லாம் லீவு. தெருப் பையன்கள் அவன் வேட்டியைப் பார்த்துத்தான் மாதம் சொல்வார்கள் என்று கிண்டல் செய்தோம். அய்யனாருக்கு அது தெரியும். அவனுக்கும் பயம் இருந்தது. கழுத்தில் எதையாவது போட்டுவிடுங்கள் என்று நின்றான். இரண்டு குளிர் அப்படிப் போயிற்று. கன்னத்தில் சதை பிடித்தது. பஜனையில் அவன் குரல் எடுத்தால் மற்றவர்கள் நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

எல்லாம் சரி. ஆனால் செவ்வந்திக்குப் புருஷன் இல்லாமல் போய்விட்டான்.

மாலை போட்டவன் எந்தப் பெண்ணையும் அம்மா என்றுதான் கூப்பிட வேண்டும். கட்டின பெண்டாட்டியானாலும் அம்மாதான். “அம்மா, சோறு போடுங்க” என்பான். “அம்மா, தண்ணி மொண்டு வைங்க” என்பான். அவள் அவனை சாமி என்று கூப்பிட வேண்டும். விடிகாலையில் அவன் காலில் விழுந்து திருநீறு வாங்கிக்கொள்ள வேண்டும். தொடக்கூடாது. அவனுக்குத் தனிப் பாய், தனித் தட்டு. வீட்டுக்குத் தூரமான நாட்களில் அவள் அங்கே இருக்கவே கூடாது என்று சந்துக்குள் இருக்கும் ராணியம்மாள் வீட்டு மாட்டுக்கொட்டகைச் சாய்ப்பில் போய்ப் படுத்துக்கொள்வாள். மூன்று பக்கம் கீற்று, ஒரு பக்கம் பனி.

வருஷத்துக்கு ஒன்றரை மாதம் என்றால் யாரும் பொறுத்துக்கொள்வார்கள். கார்த்திகையிலிருந்து பங்குனி வரைக்கும் என்றால் அது வேறு கணக்கு. போதாக்குறைக்கு அய்யனாருக்கு சாமியாக இருப்பது நன்றாகப் பழகிவிட்டது. கண்ணை மூடி ஆசீர்வாதம் செய்ய ஆரம்பித்தான். தெருவில் சண்டை வந்தால் சாமி வாக்கு சொன்னான். ஒருநாள் செவ்வந்தி களை பிடுங்கிக்கொண்டே ராணியம்மாளிடம் சொன்னாள்.

“குடிச்சிட்டு வந்தப்பகூட ‘ஏ செவ்வந்தி’ன்னு கூப்டுவாங்க. இப்ப அம்மா அம்மான்றாங்க. எனக்கு ரோசமா வருது.”

“அப்ப கழட்டச் சொல்லேன்.”

“கழட்டினா செத்துப்பூடுவாங்களே.”

ராணியம்மாள் விதவை. நிலம், மாடு, வாய் மூன்றும் உள்ளவள். அவளே அன்று வரப்பை விட்டு இறங்கிக் களை பிடுங்க ஆரம்பித்தாள்.

இந்தத் தை மாதம் பனி ரொம்ப மோசம். செவ்வந்திக்கு முதலில் இருமல், பிறகு காய்ச்சல். மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு கரும்பு வெட்டப் போனாள். அந்த நேரம் பார்த்துத்தானா தூரமாக வேண்டும்? காய்ச்சலோடு போர்வையைச் சுருட்டிக்கொண்டு ராணியம்மாள் சாய்ப்புக்குப் போனாள். வீட்டிலேயே படு என்று யாரும் சொல்லவில்லை. முருகன் மாலை போட்டிருந்த அய்யனாரும் சொல்லவில்லை. அதுதான் முறை என்று அவனும் இருந்தான், அவளும் இருந்தாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன ராணியம்மாள் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தாள்.

“அய்யனாரு! உன் பொண்டாட்டிக்குக் கண்ணு சொருவுது. மூச்சு விட முடியல அவளால. ஓடியா!”

பஜனைக்கு ஆட்கள் கூடிக்கொண்டிருந்த நேரம். அய்யனார் ஓடினான். அவன் பின்னாடியே மொத்தக் கூட்டமும் ஓடியது. ஓடிப்போய்ச் சாய்ப்புக்கு வெளியே நின்றது. உள்ளே கிடப்பவள் தூரமானவள், வந்திருப்பவர்கள் மாலை போட்டவர்கள். பச்சை வேட்டிகள் வரிசையாகக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். யாரோ ஆட்டோவுக்குப் போன் செய்தார்கள். ஆட்டோ வந்து தெருமுனையில் நின்றுவிட்டது, சந்துக்குள் நுழையாது. ராணியம்மாள் தூக்கப் பார்த்தாள்; முடியவில்லை.

“இத்தினி ஆம்பள நின்னுகினு இன்னாத்துக்குடா?” என்று கத்தினாள். ஒருவர் மெதுவாக “முருகா” என்றார்.

அய்யனார் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனான்.

அதுவரை கண் செருகிக் கிடந்த செவ்வந்திக்கு அது மட்டும் எப்படித் தெரிந்ததோ. “கழட்டாத” என்றாள். குரலே வரவில்லை. “நான் செத்தாலும் பரவால்ல. நீ கழட்டாதய்யா.”

“வாய மூடு செவ்வந்தி” என்றான் அவன்.

மாலையைத் தலைவழியாக எடுத்துக் கொட்டகைத் தூணில் இருந்த ஆணியில் மாட்டினான். உள்ளே குனிந்து நுழைந்து, போர்வையோடு அவளை வாரித் தோளில் போட்டுக்கொண்டான். தினம் மூட்டை தூக்குகிறவனுக்கு அவள் ஒரு பாரமா? சந்து முழுக்க ஓடினான். மாலைகள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டன.

நெஞ்சில் சளி கட்டி நிமோனியாவாக மாறியிருந்தது. பெரியாஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். இரண்டு நாள் கழித்து அவளுக்கு நன்றாக நினைவு வந்தபோது முதலில் பார்த்தது அவன் கழுத்தைத்தான். காலியாக இருந்தது. அவள் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதாள்.

பெண்கள் வார்டில் ஆம்பளைகள் தங்க முடியாது. அவன் வெளியே வராந்தாவில் கிடப்பான். காலையும் சாயங்காலமும் டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு உள்ளே வருவான். வந்து குனிந்தால் அவள் தலையணையைச் சரிசெய்கிற மாதிரி அவன் முகத்தைக் கிட்டே இழுப்பாள். நாலைந்து தடவை இது நடந்தது. அவன் முட்டாள் இல்லை.

“இன்னா மோந்து பாக்கற?”

“ஒன்னும் இல்ல.”

அவன் வாயைத் திறந்து அவள் முகத்துக்கு நேராக “ஹா” என்று ஊதினான். டீ வாசனையும் பீடி வாசனையும் அடித்தது. “போதுமா? இன்னொரு தபா ஊதட்டா?” என்றான். பக்கத்துப் படுக்கைக்காரி சிரித்துவிட்டாள். போலீஸ்காரன் வண்டியை மறித்து ஊதச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன், பெண்டாட்டியிடம் தானாக வந்து ஊதுகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அவள் வார்டு முழுக்கச் சொன்னாள். அன்றிலிருந்து உள்ளே வந்ததும் அவன் முதலில் ஊதுவான், பிறகுதான் பன்.

வீடு திரும்பியதும் செவ்வந்தி பழையபடி ஆரம்பித்தாள். பூசம் முடிந்துபோயிருந்தது. அங்காளம்மனுக்குக் காப்பு கட்ட இன்னும் நாள் இருந்தது. தூணில் மாட்டிய மாலையை மாயவன் எடுத்துப்போய், அதற்குரிய மரியாதையோடு கோமுகி ஆற்றில் விட்டிருந்தார். உயிரைக் காப்பாற்றக் கழற்றினதை முருகன் கேட்கமாட்டான் என்றும் சொல்லியிருந்தார்.

“நீ போயி குருசாமிய பாரு. காப்பாவது கட்டிக்க” என்றாள் செவ்வந்தி.

“வேணாம்.”

“ஏன் வேணாம்?”

“கட்டிக்கினா உன்ன அம்மான்னு கூப்புடணும்.” அவன் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டு சொன்னான். “எனக்கு அது ஆவல.”

செவ்வந்திக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைவிட ஜாஸ்தியாகப் பயமாக இருந்தது. டாக்டர் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. மலையில் இன்னும் வெள்ளை நின்றது. மாசி முழுசாகக் கிடந்தது. சாயங்காலம் லாரிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்து நிற்பாள். அவன் வந்ததும், கால் கழுவுவதற்கு முன்னே, ஊதுவான். அவள் தலையாட்டுவாள். பிறகுதான் உள்ளே போவார்கள். தெரு சிரித்தது. நாங்களும் சிரித்தோம். சிரித்துவிட்டு, நாங்களும் அந்த லாரிச் சத்தத்துக்காகக் காதை வைத்துக்கொண்டுதான் இருந்தோம்.

மாசியில் ஒருவாரம் வானம் மூடிக்கொண்டது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. நாள் பூராவும் சாணி மெழுகின மாதிரி ஒரு வெளிச்சம். அந்த வாரம் அய்யனார் பேச்சைக் குறைத்தான். இருட்டோடு எழுந்து குளித்தான், பஜனை இல்லாவிட்டாலும் மாயவன் கடையில் போய் உட்கார்ந்து பார்த்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். செவ்வந்தி கவனித்தாள். கேட்கவில்லை. கேட்டால் அந்த எவனோ வந்துவிட்டான் என்று ஆகிவிடும் என்று பயந்தாள்.

அந்த வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம் லாரி வந்தது, அவன் வரவில்லை. விளக்கு வைத்த பிறகு பார்த்தால் வேலியோரம் பனியில் நின்றுகொண்டிருக்கிறான்.

“வாயேன். அங்க இன்னா நின்னுகினு இருக்கற?”

அவன் நகரவில்லை.

“வாய்யா உள்ள.”

“இன்னிக்கி ஊதச் சொல்லாத” என்றான்.

குடித்தவன் பொய் சொல்வான். இஞ்சி மென்றுகொண்டு வருவான், வெற்றிலை போட்டுக்கொண்டு வருவான், முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்ப் படுத்துவிடுவான். அய்யனாரும் இதையெல்லாம் செய்தவன்தான். அன்றைக்கு அதில் ஒன்றையும் செய்யவில்லை.

செவ்வந்தி கையிலிருந்த தட்டை அவன்மேல் விட்டெறிந்தாள். அந்தச் சத்தத்தில் நாங்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டோம். அவள் திட்டியதை எல்லாம் எழுத முடியாது. “நான் ஆக்சிஜன் வெச்சிக்கினு பொழச்சி வந்தது உனக்குப் பாட கட்டறதுக்கா? நீ செத்துப்பூட்டா நான் இன்னா பண்ணுவேன்னு ஒரு நிமிசம் நெனச்சியா?” என்று கேட்டாள்.

“ஒரு வாரமா அவன் எறங்கவே இல்ல செவ்வந்தி. நெஞ்சு மேலியே குந்திக்கினு இருந்தான்.” அய்யனார் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “பாதிதான் குடிச்சேன். மீதிய கீழ ஊத்திட்டேன்.”

“பாதி குடிச்சவனுக்கு மெடலா குத்துவாங்க?”

பனி இறங்கிக்கொண்டிருந்தது. அவன் சட்டை ஈரமாகித் தோளோடு ஒட்டியிருந்தது, உடம்பு நடுங்கியது. அவள் வேலிக்குப் போய் அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வா. நீ இங்க நின்னா உனக்கும் நெஞ்சுல சளி கட்டும்.”

உள்ளே கூட்டிப்போனாள். தலையைத் துவட்டிவிட்டாள். சோறு போட்டாள். அத்தனை குளிர்காலமும் மணக்க மணக்கத் திருநீறு பூசிய சாமிக்குத் தனிப் பாய் விரித்துவிட்டு எட்டிப் படுத்தவள், அன்றைக்கு அந்த நாற்றத்தோடு அவன் பக்கத்தில் படுத்து, இருந்த ஒரு போர்வையை இரண்டு பேருக்கும் சேர்த்து இழுத்துவிட்டாள். இதை ராணியம்மாளிடம் அவளே சொன்னாள். சொல்லும்போது வெட்கப்படவில்லை. அவன் நெஞ்சின்மேல் கையை வைத்துக்கொண்டு, “எவன் குந்திக்கினு இருக்கறான்னு நானும் பாக்கறேன்” என்று சொன்னாளாம்.

விடிந்ததும் அவன் மலைக்குக் கிளம்பினான். மூட்டம் அப்படியேதான் இருந்தது. அவள் வாசலில் நின்று ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“சாயங்காலம் வந்து ஊதணும்.”

ஊதினான்.